சாவி யாரிடம்? மலையகத்துப் பழைய தேவாலயங்களைத் தேடிப் போகிறவர்களுக்கு

இலங்கை மலையகத்தில் பஸ்ஸில் போகிற எவருக்கும் இது நடந்திருக்கும். தேயிலைக்கு நடுவே திடீரென்று ஒரு கருங்கல் சுவர் தெரியும். பக்கத்தில் இரண்டு சைப்பிரஸ் மரம், மேலே சின்னதாக ஒரு சிலுவை. அது என்ன என்று பக்கத்து சீட்காரரைக் கேட்பதற்குள் பஸ் வளைவில் திரும்பிவிடும். அப்புறம் டவுனில் இறங்கிச் சாமான் வாங்குகிற அவசரத்தில் அது மறந்தே போகும்.

நான் வளர்ந்த லயத்திலிருந்து, அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளிலிருந்து, அரை மைல் தூரத்தில் அப்படி ஒன்று இருந்தது. பெரியவர்கள் அதைத் தொரைமார் சர்ச், அதாவது தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரர்களின் கோயில், என்பார்கள். எங்கள் அப்பாயி விறகு கொண்டு வரும்போது அந்த மதில்மேல் கட்டை இறக்கி வைத்து இளைப்பாறுவார். உள்ளே ஒருநாளும் போனதில்லை. நான் உள்ளே போனதே முப்பது வயதுக்கு அப்புறம்தான். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் விடவில்லை. இப்போது என்னிடம் வழி கேட்கிறவர்கள் கூடிவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதைவிட எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கல்லில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு அப்படியே திரும்பி வந்துவிடாதீர்கள். கல்லில் ஏறாத பாதி ஊர் பதிவேட்டிலும், மதிலுக்கு வெளியேயும், சாவி வைத்திருப்பவரின் வாயிலும் இருக்கிறது.

1. எந்த வகைத் தேவாலயம் என்று தெரிந்துகொள்ளுங்கள்

தொரைமாரும் வெள்ளைக்கார அதிகாரிகளும் தங்களுக்கென்று கட்டியவை ஒரு வகை. பெரும்பாலும் அங்கிலிக்கன், அதாவது இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்தவை. கருங்கல் அல்லது செங்கல் சுவர், மேலே கூம்பி முடியும் ஜன்னல், சுற்றிவரக் கல்லறைகள். கோப்பிக் காசிலும் அப்புறம் தேயிலைக் காசிலும் எழுந்த கட்டடங்கள் இவை. 1869இல் இலைத்துரு நோய் கோப்பியைப் பிடித்தது. பத்துப் பதினைந்து வருஷத்தில் தோட்டங்கள் கவிழ்ந்தன. டிக்கோயாவில் உள்ள வார்லி கிறிஸ்து ஆலயம் 1878இல் கட்டப்பட்டது. கோப்பி படுக்கையில் கிடக்கிற நேரத்தில் கல்லால் கோயில் கட்டியிருக்கிறார்கள். நம்பிக்கையா வீறாப்பா என்று அங்கே போகும்போதெல்லாம் யோசிப்பேன்.

இரண்டாவது வகை நம் ஆட்களுக்காக எழுந்தவை. 1854இல் தோட்டத் தொரைமார் சிலரும் சர்ச் மிஷனரி சங்கமும் சேர்ந்து 'தமிழ் கூலி மிஷன்' தொடங்கினார்கள். பெயரிலேயே அந்தக் காலம் தெரிகிறது. திருநெல்வேலிப் பக்கத்து உபதேசியார்கள் தோட்டம் தோட்டமாக நடந்து ஊழியம் செய்தார்கள். அவர்கள் ஜெபம் நடத்திய இடம் பல தோட்டங்களில் ஒரு கொட்டகை, அல்லது சுண்ணாம்பு அடித்த ஒரு சின்ன அறை. கத்தோலிக்கர் பக்கத்தில் லயக்கோடியில் ஒரு அந்தோனியார் சுரூபமோ, பாறையோரம் ஒரு மாதா கெபியோ இருக்கும். அழகு பார்க்க வருகிறவர்கள் இவற்றைத் தாண்டிப் போய்விடுவார்கள். நீங்கள் தாண்டிப் போகாதீர்கள்.

மூன்றாவது வகை அரிது. ஆங்கிலேயர் வருவதற்கு முந்திய பழைய கிராமங்கள். மாத்தளை மாவட்டத்தில் கலேவெலப் பக்கமாக உள்ள வஹாக்கோட்டை அப்படிப்பட்டது. கண்டி மன்னர் காலத்தில் குடியேற்றப்பட்ட போர்த்துக்கேயரின் வழிவந்த கத்தோலிக்கர் ஊர் அது. அங்குள்ள அந்தோனியார் கோயிலுக்கு ஜூன் மாதத் திருநாளில் தமிழரும் சிங்களவரும் கூட்டமாகப் போவார்கள். ஒல்லாந்தர் கரையோரத்தில் கத்தோலிக்கரை ஒடுக்கிய நாட்களில் கோவாவிலிருந்து வந்து 1692இல் கண்டிக்குள் நுழைந்த யோசேப் வாஸ் அடிகளின் பெயரும் இந்தப் பக்கத்து வரலாற்றோடு சேர்ந்தது. அவர் 1711இல் கண்டியிலேயே இறந்தார். 2015இல் புனிதராக அறிவிக்கப்பட்டார்.

இவை தவிர, ஆள் விட்டுப்போன கட்டடங்கள். தோட்டத்தின் ஒரு பிரிவான டிவிசனை மூடி, லயத்தை வேறிடத்துக்கு மாற்றி, சனம் போன பிறகு தனியாக நிற்பவை. சிலியில் அட்டகாமா பாலைவனத்தில் ஹம்பர்ஸ்டன் என்று வெடியுப்புத் தோண்டிய ஊர் ஒன்று, 1960இல் கைவிடப்பட்டது. அதன் தேவாலயமும் தெருக்களும் இன்னும் நிற்கின்றன. மழையே காணாத மண், எதுவும் உளுக்காது. இங்கே கதை வேறு. கூரைத் தகரம் ஒன்று பெயர்ந்தால் போதும். இரண்டு பருவமழையில் உட்காரும் வாங்குகள் உளுத்துவிடும், நாலைந்து வருஷத்தில் சுவர் வெடிப்பில் அரசங்கன்று நிற்கும். பாலைவனத்தில் நூறு வருஷம் கழித்தும் போய்ப் பார்க்கலாம். இங்கே 'அடுத்த வருஷம் பார்ப்போம்' என்று தள்ளிப்போடாதீர்கள்.

2. மழையைப் பார்த்து நாள் குறியுங்கள்

ஹட்டன், டிக்கோயா, மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றின் மழை. அந்த மாதங்களில் ஹப்புத்தளை, பதுளைப் பக்கம் ஓரளவு வெளுத்திருக்கும். வருஷக் கடைசியில் நிலைமை தலைகீழ். இரண்டு பக்கத்துக்கும் தோதான காலம் பெப்ரவரி, மார்ச்.

ஹட்டன் பக்கம் போவதாக இருந்தால் இன்னொன்றையும் கணக்கில் எடுங்கள். சிவனொளிபாத மலை யாத்திரைக் காலம் டிசம்பர்ப் போயாவில் (பௌர்ணமியில்) தொடங்கி மே மாத வெசாக் வரை ஓடும். வார இறுதியிலும் போயா நாட்களிலும் ஹட்டன் பஸ் நிலையத்தில் கால் வைக்க இடமிருக்காது. வாரநாளில் போங்கள். தொடர்ந்து மழை பெய்திருந்தால் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். மஞ்சள் என்றால் கவனம், செம்மஞ்சள் என்றால் பயணத்தை ஒத்திவையுங்கள், சிவப்பு என்றால் அந்த ஊரில் இருப்பவர்களையே வெளியேறச் சொல்கிறார்கள் என்று அர்த்தம். மலைநாட்டு ரயிலும் மண்சரிவில் அடிக்கடி நின்றுபோகும். ஸ்டேசனுக்கு ஒரு போன் போட்டுக் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள்.

3. ஒரு ஊரில் தங்கி, சுற்றுவட்டாரத்தை மட்டும் பாருங்கள்

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்வது ஹட்டன்தான். ஒரே வீதியில் எல்லாம் கிடைக்கும். ஹட்டனிலிருந்து டிக்கோயா, அங்கிருந்து நோர்வூட். நோர்வூட்டில் வீதி பிரியும். ஒன்று பொகவந்தலாவைக்கு, மற்றது மஸ்கெலியாவுக்கு.

டிக்கோயாவைத் தாண்டியதும் காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி வார்லி ஆலயம் மேட்டில் நிற்கும். காலையில் போங்கள். பனி விலகுகிற நேரம் தண்ணீரிலிருந்து எழும்பி வரும் வெளிச்சம் ஜன்னலின் வண்ணக் கண்ணாடியில் படும்போது உள்ளே வாங்குகளின்மேல் நிறம் விழும். கட்டியவர்கள் இந்தத் தண்ணீரைப் பார்த்ததே இல்லை என்பதை நினைவில் வையுங்கள். அணை வந்தது 1960களில். அவர்கள் காலத்தில் கீழே தெரிந்தது ஆறும் பள்ளத்தாக்கும்தான்.

பொகவந்தலாவையில் புனித மரியாள் ஆலயம். இங்கே ஒரு கல்லறைக்காக உலகத்தின் பல மூலைகளிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். ஜூலியா மார்கரெட் கமரன், புகைப்படக் கலையின் முன்னோடிகளில் ஒருவர். 1815இல் கல்கத்தாவில் பிறந்து, இங்கிலாந்தில் பேர் வாங்கி, 1875இல் கணவரோடு இலங்கைக்கு வந்தவர். 1879 ஜனவரியில் இங்கே காலமானார். கணவர் சார்ள்ஸ் ஹே கமரன் அடுத்த வருஷம். இருவரும் இந்த வளவிலேயே இருக்கிறார்கள். அந்தக் கணவர் யார் தெரியுமா? பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்தோமே, கோல்புறூக்–கமரன் சீர்திருத்தம், அந்தக் கமரன்தான். இராஜகாரியம் என்ற கட்டாய ஊழிய முறையை ஒழித்ததும் கூலிக்கு ஆள் பிடிக்கும் தோட்டப் பொருளாதாரத்துக்கு வழி திறந்ததும் அந்தச் சீர்திருத்தங்கள். அதாவது நம் பாட்டன் பூட்டன் தமிழ்நாட்டிலிருந்து வந்து இறங்கிய கதையின் முதல் பக்கத்தில் இவருக்கும் ஒரு வரி உண்டு. அம்மையார் இலங்கையில் எடுத்த படங்களில் உழைக்கும் சனங்களின் முகங்கள் இருக்கின்றன. அவருடைய கல்லறையில் அவர் பெயர் இருக்கிறது, அந்த முகங்களின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை.

ஹப்புத்தளையிலிருந்து தொடங்கினால் இன்னொரு சுற்று. பண்டாரவளை வீதியில் புனித அந்திரேயா ஆலயம், 1869ஆம் ஆண்டைச் சேர்ந்தது. கண்டி திரித்துவக் கல்லூரியில் பணியாற்றிய, இலங்கையைப் பாடிய கவிஞர் வால்டர் ஸ்டான்லி சீனியரின் சாம்பல் அந்த வளவில் அடக்கம் செய்யப்பட்டுள்ளது. நகரத்துக்கு வெளியே காட்டோரத்தில் அடிசம் பங்களா. 1931இல் ஒரு பிரபு வீடாகக் கட்டப்பட்டு, 1961 முதல் பெனடிக்டைன் துறவிகளின் மடமாக இருப்பது. வார இறுதி, போயா, பள்ளி விடுமுறை நாட்களில்தான் பார்வையாளரை விடுவார்கள். அவர்கள் விற்கும் ஜாம் நன்றாக இருக்கும்.

அங்கிருந்து பதுளைக்கு ரயில். பதுளை புனித மாற்கு ஆலயம் 1857ஐச் சேர்ந்தது. அது மேஜர் தோமஸ் ரொஜர்ஸ் நினைவாக எழுப்பப்பட்டது. ஆயிரத்து நானூறுக்கு மேல் யானைகளைச் சுட்டதாகச் சொல்லப்படும் மனிதர். 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து செத்தார். அவருடைய கல்லறை நுவரெலியாவில், கோல்ஃப் மைதானத்தை ஒட்டிய பழைய மயானத்தில் இருக்கிறது. அந்தக் கல்லின்மேலும் இடி விழுந்தது என்று ஊரில் ஒரு கதை. யானைச் சாபம் என்பார்கள். கதையை நம்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம், ஆனால் சொல்பவரை இடையில் மறிக்காதீர்கள். ஒவ்வொரு ஊரிலும் அதற்கு ஒரு புது வால் முளைத்திருக்கும்.

நுவரெலியாவில் பரிசுத்த திரித்துவ ஆலயத்தைச் சுலபமாகப் பார்த்துவிடலாம். 1852இல் பிரதிஷ்டை செய்யப்பட்டது. 1954இல் எலிசபெத் மகாராணி வந்து வழிபட்ட இடம் என்பதால் அதைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள், நான் சொல்லத் தேவையில்லை. கண்டியில் தலதா மாளிகைக்குப் பக்கத்திலேயே புனித பவுல் ஆலயம், 1840களின் கட்டடம். மாளிகைக்குப் பின்னால் கொஞ்சம் மேலே ஏறினால் 1817இல் தொடங்கிய படைவீரர் மயானம். காய்ச்சலில் செத்தவர்கள், காட்டு யானை மிதித்துச் செத்தவர், வாட்டர்லூ சண்டையில் தப்பிவந்து இங்கே மலேரியாவில் போனவர் என்று ஒரு சின்ன நிலத்துக்குள் எத்தனையோ பேர். கல்லறை வாசிக்கப் பழகுவதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை. சுத்தமாகப் பராமரிக்கிறார்கள், எழுத்தும் தெளிவு.

4. சாவியைத் தேடுங்கள்

உண்மையான வேலை இங்கேதான் தொடங்குகிறது. தோட்டத்து ஆலயம் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணித்தியாலம் திறக்கும். சில இடங்களில் மாதத்துக்கு ஒருதரம்தான் ஆராதனை. மற்ற நேரமெல்லாம் பூட்டு. கதவில் அறிவித்தல் பலகை கிடையாது. சாவி யாரோ ஒருவர் வீட்டுச் சுவரில், சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் தொங்கும்.

எப்படிக் கண்டுபிடிப்பது? கோயில் வாசலில் நின்று கூப்பிடாதீர்கள். பக்கத்து லயத்துக்குப் போங்கள். பகல் பத்து மணிக்குப் பெண்கள் கொழுந்து எடுக்கப் போயிருப்பார்கள், வீட்டில் வயசானவர்கள்தான் இருப்பார்கள், அதுவும் நல்லதுதான். 'சர்ச் சாவி யாருகிட்ட?' என்று நேரே கேட்காமல், முதலில் நீங்கள் யார் என்று சொல்லுங்கள். ஏனென்றால் அவர் கேட்கப்போகும் முதல் கேள்வி தெரிந்ததே: "எங்கேருந்து வர்றீங்க தம்பி? எந்தத் தோட்டம்?" கொழும்பு, யாழ்ப்பாணம் என்று சொன்னாலும் பரவாயில்லை. ஆனால் உங்கள் குடும்பத்தில் யாராவது ஒரு தோட்டத்தில் இருந்திருந்தால் அதைச் சொல்லுங்கள். அப்புறம் சாவி தானாக வரும், பிளேன்டீயும் வரும்.

ஒரு தடவை இப்படி நான் போன இடத்தில் சாவிக்காரர் எழுபதைத் தாண்டியவர், சைவர். திருநீறு பூசியிருந்தார். அவருடைய அப்பா தொரைமார் சர்ச்சின் தோட்டக்காரராக இருந்தாராம். சாவி அப்பாவிடமிருந்து மகனுக்கு வந்திருக்கிறது. கோயிலுக்கு இப்போது வருகிற குடும்பம் மூன்று. "யாராச்சும் ஒருத்தர் பார்த்துக்கணுமில்ல" என்றபடி பூட்டில் தேங்காயெண்ணெய் விட்டுத் திறந்தார். உள்ளே தூசியே இல்லை. வெள்ளிக்கிழமை தன் வீட்டு சாமிக்கு முன்னால் கூட்டுகிறபோதே இங்கேயும் வந்து கூட்டிவிடுவாராம்.

ஆள் கிடைக்காவிட்டால் குருவானவர் வழியாகப் போகலாம். அங்கிலிக்கன் ஆலயமானால் கண்டி, மாத்தளைப் பக்கம் குருணாகல் மறைமாவட்டத்தின் கீழும், நுவரெலியா, பதுளைப் பக்கம் கொழும்பு மறைமாவட்டத்தின் கீழும் வரும். கத்தோலிக்கக் கோயிலானால் கண்டி, மாத்தளை, நுவரெலியா மாவட்டங்கள் கண்டி மறைமாவட்டம், பதுளை தனி மறைமாவட்டம். முன்கூட்டியே எழுதிக் கேட்டால் நல்லது. பதில் தாமதமாகும், பரவாயில்லை.

தோட்டக் கம்பனியின் வீதிக்குள்ளே போகவேண்டி இருந்தால் ஒப்பீசில் சொல்லிவிட்டுப் போங்கள். நான் இதைப் பட்டுத்தான் படித்தேன். ஒரு தோட்டத்தில் யாரிடமும் சொல்லாமல் குறுக்குப் பாதையில் ஏறி, பாதி வழியில் வாச்சரிடம் மாட்டி, ஸ்டோர் வாசலில் இரண்டு மணித்தியாலம் நின்று விளக்கம் சொன்னேன். அவர்மேல் தப்பில்லை. கொழுந்து களவும் மரக் களவும் நடக்கிற இடத்தில், தோளில் கமராவோடு ஒருவன் புதருக்குள் நின்றால் வேறென்ன நினைப்பார்?

2019 உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகு சில ஆலயங்களில் வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள். முகம் சுளிக்காமல் திறந்து காட்டுங்கள். பெரிய பையைத் தங்குமிடத்தில் விட்டுவிட்டுப் போனால் உங்களுக்கும் சுமையில்லை.

5. கதவு திறப்பதற்கு முன் வெளியே ஒரு சுற்று

கட்டடத்தைச் சுற்றி இடமிருந்து வலமாக ஒருமுறை மெதுவாக நடங்கள். பீடம் இருக்கும் முனை பெரும்பாலும் கிழக்கே பார்த்திருக்கும். சுவரின் கல் எங்கே நிறம் மாறுகிறது என்று பாருங்கள். பின்னால் சேர்த்துக் கட்டிய அறை, அடைத்த வாசல் எல்லாம் அங்கே காட்டிக்கொடுக்கும். மணி கோபுரத்தில் தொங்குகிறதா, வெளியே மரச் சட்டத்தில் தொங்குகிறதா? பக்கவாட்டில் சின்ன வாசல் ஒன்று இருந்தால் யார் அதன் வழியே வந்தார்கள் என்று சாவிக்காரரைக் கேளுங்கள். ஊருக்கு ஊர் வேறு வேறு பதில் வரும்.

6. கல்லறையை வாசிப்பது

இதற்குத்தான் அதிக நேரம் வைத்துக்கொள்ளுங்கள். எழுத்து தேய்ந்த கல்லை நேருக்கு நேர் நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. காலை எட்டு மணிக்கு முன் அல்லது மாலை நாலரைக்குப் பின், வெயில் சாய்ந்து விழும்போது வாருங்கள். வெயில் இல்லையென்றால் டோர்ச்சைக் கல்லின் பக்கவாட்டில், கல்லோடு ஒட்டினாற்போலப் பிடியுங்கள். எழுத்துக் குழிகளில் நிழல் நிற்கும், நேற்றுவரை வெறும் கல்லாக இருந்தது வாய் திறக்கும். ஒரு கைக்கண்ணாடி இருந்தால் அதில் வெயிலைத் திருப்பி விடலாம். இன்னும் நல்லது.

செய்யக்கூடாதது: வெண்கட்டி தேய்ப்பது, மா தூவுவது, கம்பித் தூரிகையால் பாசி சுரண்டுவது. முதல் வருஷத்தில் நான் வெண்கட்டி தேய்த்த ஒரு கல்லை அடுத்த வருஷம் போய்ப் பார்த்தேன். தேய்த்த இடத்தில் மேற்பரப்பு பொருக்குப் பொருக்காக உதிர்ந்திருந்தது. பாசியைக்கூட விட்டுவிடுங்கள். மிஞ்சினால் சுத்தத் தண்ணீர் கொஞ்சம் தெளித்து, கையால் தடவிப் பாருங்கள்.

எழுத்தில் அடிக்கடி வரும் சொற்கள் சில. 'நேட்டிவ் ஆஃப்' என்று வந்தால் பிறந்த ஊர். கோப்பிக் காலக் கல்லறைகளில் ஸ்கொட்லாந்து ஊர்ப் பெயர்கள், முக்கியமாக அபர்டீன், திரும்பத் திரும்ப வரும். 'ரெலிக்ட் ஆஃப்' என்றால் இன்னாரின் விதவை. 'ஈடாட்' என்ற லத்தீன் சொல்லுக்குப் பின்னால் வருவது வயது. முறிந்த தூண் செதுக்கியிருந்தால் இளவயதுச் சாவு. ஒரே குடும்பத்தில் மூன்று நாலு குழந்தைகளின் பெயர் ஒரே கல்லில் வருவதையும் பார்ப்பீர்கள். வயது மாதக் கணக்கில் எழுதியிருக்கும். தொரை வீட்டுத் தொட்டிலையும் காய்ச்சலும் வயிற்றோட்டமும் விட்டுவைக்கவில்லை. மங்கிப்போன கல்லை உறுதிசெய்ய ஒரு வழி உண்டு: ஜே. பென்றி லூயிஸ் என்ற சிவில் சேவை அதிகாரி இலங்கைக் கல்லறை எழுத்துகளைத் தொகுத்து 1913இல் அச்சிட்டார். பெரிய நூலகங்களில் கேட்டால் கிடைக்கும்.

அப்புறம் மதிலுக்கு வெளியே வாருங்கள். தேயிலை வரிசைக்கு நடுவே காரணமில்லாமல் ஒரு குரோட்டன் புதர், செவ்வந்திச் செடி, அல்லது நட்டுவைத்த ஒற்றைக் கருங்கல் தெரிந்தால் மிதிக்காமல் விலகி நடங்கள். நம் ஆட்களைப் புதைத்த இடமாக இருக்கும். கல்லில் எழுத்து இருக்காது. தமிழ்ப் பெயர் உள்ள சிமெந்துக் கல்லறைகள் சில ஆலய வளவின் பின்பக்கச் சரிவில் கிடைக்கும். 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்' என்று தொடங்கி, பெயர், தோட்டம், திகதி. கணக்கப்பிள்ளை, கங்காணி, உபதேசியார், ஆசிரியர் என்று கொஞ்சம் வசதியோ படிப்போ இருந்தவர்களுடையது பெரும்பாலும். வளவின் மேட்டில் யார், சரிவில் யார் என்று ஒரு சின்ன வரைபடம் போட்டுப் பாருங்கள்.

7. உள்ளே

வாசலில் செருப்புக் கிடந்தால் நீங்களும் கழற்றுங்கள். ஜெபம் நடந்தால் பின் வாங்கில் உட்காருங்கள், கமராவைப் பையில் வையுங்கள். சுவரிலுள்ள பித்தளைத் தகடுகள், ஞானஸ்நானத் தொட்டியின் விளிம்பிலுள்ள எழுத்து, பழைய ஓர்கன் இருந்தால் அதன் பெயர்த்தகடு என்று வரிசையாகப் பாருங்கள். ஓர்கனைத் தட்டிப் பார்க்க ஆசை வரும். வேண்டாம். ட்ரோன் பறக்கவிடுவதற்குச் சிவில் விமானப் போக்குவரத்து அதிகார சபையின் விதிகள் இருக்கின்றன, அதோடு ஆலயத்தின் அனுமதியும் வேண்டும். போகும்போது உண்டியலில் ஏதாவது போட்டுவிட்டுப் போங்கள். மூன்று குடும்பம் கூரைக்குத் தகரம் வாங்க வேண்டும்.

8. ஆளில்லாத கட்டடத்துக்குள் போவதற்கு முன்

தனியாகப் போகவே போகாதீர்கள். முதலில் பார்க்கவேண்டியது குளவிக்கூடு. பாழடைந்த கோபுரத்திலும் பக்கத்து மரக்கிளையிலும் கட்டியிருக்கும். கொழுந்து எடுக்கும்போது குளவி கொட்டி உயிர் போனவர்களின் செய்தி மலையகத்தில் புதிது கிடையாது. வாசலில் பத்து நிமிஷம் சும்மா நின்று காது கொடுத்துக் கேளுங்கள். இரைச்சல் கேட்டால் சத்தமில்லாமல் திரும்பி நடங்கள். கல் எறிவது, புகை போடுவது எல்லாம் உயிரோடு விளையாட்டு.

அட்டைக்குப் பயப்பட ஒன்றுமில்லை. நீளமான மேஸ் (காலுறை) போட்டு, அதன்மேல் ஈரச் சவர்க்காரத்தைத் தடவிக்கொள்ளுங்கள். தோட்டத்தில் வேலை செய்கிறவர்களின் வைத்தியம் அதுதான். கடித்தால் பிய்த்து இழுக்காமல் உப்பு வையுங்கள், அல்லது நகத்தால் பக்கவாட்டில் தள்ளிவிடுங்கள். பலகைத் தரையில் கால் வைக்காதீர்கள், சுவரோரமாக நடங்கள். கூரையில் வானம் தெரிந்தால் அதன் கீழே நிற்காதீர்கள். உள்ளே கிடக்கும் ஓட்டுத் துண்டு, கண்ணாடிச் சில்லு, ஆணி எதையும் ஞாபகத்துக்கு என்று எடுத்து வராதீர்கள். மாலை ஐந்து மணிக்கு வெளியே வந்துவிட வேண்டும். பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலையில் சிறுத்தை நடமாட்டம் உண்டு. அதைவிட முக்கியம், கடைசி பஸ் போய்விடும்.

9. தண்ணீருக்குள் ஒரு ஊர்

இது தேவாலயப் பயணத்தில் சேராது என்று நீங்கள் சொல்லலாம். ஆனால் ஹட்டன் வரை போனவர்கள் மஸ்கெலியாவைப் பார்க்காமல் திரும்பக்கூடாது. மவுசாகலை அணை 1969இல் முடிந்தபோது பழைய மஸ்கெலியா நகரம் தண்ணீருக்குள் போனது. சனத்தை மேலே ஏற்றிப் புது நகரம் அமைத்தார்கள். வறட்சி வந்து நீர்மட்டம் இறங்கும்போது பழைய நகரம் தலை காட்டும்: முருகன் கோயிலின் கல், பௌத்த விகாரையின் எச்சம், பள்ளிவாசல், தெருவின் அடித்தளம். தெல்தெனியாவின் பழைய நகரமும் விக்டோரியா நீர்த்தேக்கத்துக்குள் இப்படித்தான்.

பார்ப்பதற்கு நீர்மட்டம் நன்றாக இறங்கிய வருஷமாக இருக்கவேண்டும். வீதியிலிருந்தே பாருங்கள். இறங்கவேண்டும் என்றால் உள்ளூர் ஆள் ஒருவரோடு, அவர் கால் வைத்த இடத்திலேயே கால் வையுங்கள். மேலே வெடித்துக் காய்ந்த சேறு, கீழே முழங்கால் வரை இழுக்கும். எழுபது எண்பது வயதுக்காரர் யாராவது பக்கத்தில் நின்றால், 'இங்கே என்ன இருந்தது?' என்று மட்டும் கேட்டுவிட்டுச் சும்மா இருங்கள். அவர் கை நீட்டும் திசையில் உங்களுக்குச் சேறுதான் தெரியும். அவருக்கு ரொட்டிக்கடை தெரியும்.

10. பதிவேடு

கடைசியாக வைத்திருப்பது, என் கணக்கில் எல்லாவற்றிலும் பெரியது. ஆலயம் சின்னதானாலும் ஞானஸ்நானம், விவாகம், அடக்கம் மூன்றுக்கும் பதிவேடு இருந்திருக்கும். பழையவை பல இடங்களில் குருவானவரின் வீட்டு அலமாரியிலோ மறைமாவட்ட அலுவலகத்திலோ இருக்கின்றன. சொந்தக் குடும்பத்தைத் தேடுகிறேன் என்றால் எழுத்தில் கேளுங்கள். என்ன பெயர், எந்தத் தோட்டம், ஏறத்தாழ எந்த வருஷம் என்ற மூன்றும் இல்லாமல் போனால் எவராலும் உதவ முடியாது. கையைத் துடைத்துவிட்டு உட்காருங்கள், பேனாவைத் தூர வைத்துப் பென்சிலை எடுங்கள். படம் எடுப்பதற்குத் தனியாக அனுமதி கேளுங்கள். உயிரோடு இருப்பவர்களின் விவரம் உள்ள பக்கங்களைப் புரட்ட வேண்டாம்.

தோட்டப் பெயரில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள். பதிவேட்டில் இங்கிலீஷ் பெயர் இருக்கும். உங்கள் வீட்டில் பாட்டி சொன்னது சனம் வைத்த தமிழ்ப் பெயராக இருக்கும். இரண்டுக்கும் சில இடங்களில் ஒட்டோ உறவோ இருக்காது. போவதற்கு முன் அந்தப் பக்கத்து வயசானவர் ஒருவரிடம் இரண்டு பெயரையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஆள் பெயரும் அப்படித்தான். எழுதியவர் வெள்ளைக்காரக் குருவானவரானால், காதில் விழுந்ததை எழுதியிருப்பார். முத்தம்மா 'மூட்டமா'வாகவும் வேலாயுதம் 'வைலைதன்' மாதிரியும் இருக்கும். கண்ணால் தேடினால் கிடைக்காது. வாய்விட்டுப் படியுங்கள்.

நான் அப்படி வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்த ஒரு பிற்பகலில், தொழில் என்ற கட்டத்தில் பக்கம் பக்கமாக 'கூலி', 'கூலி', 'கூலி' என்றே வந்தது. ஒரே ஒரு வரியில் மட்டும் அதை எழுதிவிட்டு, பேனாவால் அடித்து, மேலே சின்ன எழுத்தில் 'மணி அடிப்பவர்' என்று திருத்தியிருந்தார்கள். அந்த மணி இன்னும் வெளியே மரச் சட்டத்தில் தொங்குகிறது. கயிறு மட்டும் புது நைலோன்.